ஹொலிவூட் மனுசியின் இடக்கன்னம்

அந்த வீட்டு மணியை அடித்தால் உடனே கதவு திறக்காது. முதலில் உள்ளேயிருந்து ஒரு கேள்வி வரும். "யார் வருகிறார்கள்?"

அந்த வீட்டு மனுசிக்குத் தபால்காரன் என்றால் ஒரு முகம். வைத்தியர் என்றால் இன்னொரு முகம். வருடத்துக்கு ஒருமுறை புகைபோக்கியைப் பார்க்க வருகிறவனுக்கென்று ஒரு சிரிப்பைத் தனியாகவே வைத்திருந்தார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு அவன் விசிலடித்தபடி படியிறங்கிப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவனுக்கு முப்பது வயது இருக்கும். அவருக்குத் தொண்ணூறு.

நான் ஸ்டுட்கார்டில் வீடு வீடாகப் போய் வயது போனவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கிற வேலை செய்கிறவள். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு இந்த வேலைக்குப் படித்தேன். வாத்தியார், பாண் சுடுகிறவர், நீதவான் என்று எத்தனையோ பேரைக் கழுவித் துடைத்தாயிற்று. உடுப்பைக் கழற்றினால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் குளிரில் நடுங்குவார்கள். ஆனால் ஹொலிவூட்டில் நடித்த ஒருவரை நான் குளிப்பாட்டியது அந்த ஒரு வீட்டில்தான். பெயர் சொல்லமாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் அவருடைய பெரிய கவலையே. என் வீட்டில் அவருக்குப் பெயர் ஹொலிவூட் மனுசி.

முதல் நாள் என்னை வாசலில் நிற்கவைத்த நேரத்துக்குள் நான் வேறொரு வீட்டை முடித்திருப்பேன். கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடைசியில் கதவு திறந்தது. பொன்னிறத்தில் பொய்முடி, சிவப்பு உதட்டுச்சாயம், காதில் முத்து. நேராக நிற்காமல் சற்றே திரும்பி, இடக்கன்னத்தை எனக்குக் காட்டியபடி, ஒரு கையைக் கதவு நிலையில் வைத்துக்கொண்டு நின்றார். "காத்திருக்க வைத்துவிட்டேன். உள்ளே வாருங்கள்" என்றார். குளிக்க வார்க்க வந்தவளுக்கு இந்த வரவேற்பு! இவ்வளவு அலங்காரத்தையும் நான்தானே கழற்ற வேண்டும் என்று நினைத்தபோது எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் என்னோடு பேசியது ஜெர்மன். அதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

இடக்கன்னத்துக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊரெல்லாம் இடிந்து கிடந்த காலத்தில் ஒரு அமெரிக்கப் படக்குழு இங்கே வந்து, கூட்டத்தில் நிற்பதற்கு ஆள் தேடியதாம். ஒரு நேரச் சாப்பாடு கிடைக்கும் என்று போய் நின்றவரைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஸ்டூடியோவில் முதலில் பெயரை மாற்றினார்கள். பிறகு நெற்றி முடியைப் பிடுங்கி நெற்றியை அகலமாக்கினார்கள். கன்னம் ஒட்டித் தெரியவேண்டும் என்று கடைவாய்ப் பற்களைக் கழற்றினார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கமெராக்காரர் அவருடைய நாடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம்" என்றாராம். அன்றிலிருந்து அவருடைய வலக்கன்னத்தை உலகம் பார்க்கவில்லை. ஒரு படத்தில் அவர் உள்ளே வருகிற கதவையே பிடுங்கி மற்றப் பக்கம் வைத்துக் கட்டினார்களாம். இதைச் சொல்லும்போது சவர்க்கார நுரைக்குள் இருந்தபடியே ராணி மாதிரி நிமிர்வார்.

"வலப்பக்கத்தில் என்ன குறை?" என்று முதுகு தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லை. அது ஒரு சாதாரணப் பெண்ணின் முகம்" என்றார்.

அவருக்குக் கிடைத்த பாத்திரம் எல்லாம் வேற்றுநாட்டுக்காரி. உளவுக்காரி, பிரபுவின் பெண்சாதி, கள்ளக் கடத்தல்காரனின் காதலி. கதாநாயகன் கடைசியில் கட்டுவது அமெரிக்கப் பெண்ணை. அதனால் அதற்கு முன்பே இவர் செத்தாக வேண்டும். விஷத்தில் செத்திருக்கிறார், துப்பாக்கியில் செத்திருக்கிறார், காய்ச்சலில், ரயிலில் என்று எல்லாவற்றிலும் செத்திருக்கிறார். "குதிரையால் விழுந்தது கணக்கில் வராது. விழுந்தது எனக்குப் பதிலாக வேறொருத்தி" என்று நேர்மையாகச் சொல்வார்.

சுவர் நிறையப் படங்கள். ஒன்றில் உடம்பெல்லாம் மண்ணிறச் சாயம் பூசி, நெற்றியில் ஒரு கல் ஒட்டி, சேலை கட்டிக்கொண்டு நின்றார். கிழக்கு நாட்டு இளவரசியாம். சேலைத் தலைப்பு வலத்தோளில் கிடந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. இடத்தோளில் போட்டால் இடக்கன்னத்துக்குப் பக்கத்தில் துணி வந்து இடைஞ்சல் செய்யும் அல்லவா?

"உங்கள் ஊர்ப் பெண் மாதிரி இருக்கிறேனா?" என்று கேட்டார்.

"எங்கள் ஊரில் இப்படிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் நாய் குரைக்கும்" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். நடிக்காத சிரிப்பு. பொய்ப்பல் கழன்று விழப் பார்த்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் அந்த வீட்டுக்கு நான் சரியாகப் பழகியது ஒரு பனிக்காலக் காலையில். மணி அடித்தேன், சத்தம் இல்லை. எங்கள் பராமரிப்பு நிலையத்திடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு ஓடினேன். குளியலறைத் தரையில் கிடந்தார். பொய்முடி இல்லை, பல் இல்லை, இரவுச்சட்டை முழங்காலுக்கு மேலே சுருண்டிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, "யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். விழுந்து கிடக்கிறவர் கேட்கிற கேள்வியா இது? பதற்றத்தில் என் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒருவரும் இல்லை, நான்தான்."

கை மெல்ல இறங்கியது. முகம் தெரிந்தது. இரண்டு பக்கமும்.

அதற்குப் பிறகு அதுவே எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. மணி அடித்தால் அவர் கேட்பார். நான், "ஒருவரும் இல்லை, நான்தான்" என்பேன். முடி வைக்காமல், சாயம் பூசாமல், நடைவண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறப்பார். வீட்டில் இதைச் சொன்னபோது என் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப நீ ஆளில்லை எண்டு நீயே சொல்லிக் குடுத்திட்டாய், என்னடியப்பா?"

"சும்மா இருங்கோ. அவ என்னை நம்பிறா, அதுதான்."

"நம்பேல்லையடி. உன்னைப் பாக்கிற ஆளாவே எண்ணேல்லை. வீட்டில ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு நீ."

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனாலும் அது முள்ளாகத் தைத்துவிட்டது. புகைபோக்கிக்காரனுக்குக் கூட ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லையே என்று அடுத்த நாள் அவருடைய கால்நகத்தை வெட்டும்போது யோசித்தேன்.

இந்த ஊரில் மாடிப்படி கூட்டுவதற்கு வீட்டுக்கு வீடு முறை உண்டு. முறை வந்தால் கதவில் ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிடுவார்கள். பலகை தொங்கினால் அந்தக் கிழமை நீங்கள்தான் கூட்ட வேண்டும், அரசனானாலும் ஆண்டியானாலும். "அவரால் ஏலாது, நான் கூட்டுகிறேன்" என்று கீழ்வீட்டுப் பெண்ணிடம் ஒருமுறை சொல்லிவிட்டேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கே உதட்டுச்சாயம் பூசி, வெள்ளைக் கையுறை போட்டு, தும்புத்தடியோடு வெளியே வந்தார். கீழ்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்கப் பாட்டு முணுமுணுத்தபடி கூட்டினார். அவள் உள்ளே போனதும் படியில் இருந்தவர்தான், எழும்பவில்லை. நான் கமக்கட்டில் கைகொடுத்து இழுத்து உள்ளே கொண்டுபோனேன். மூச்சு இரைத்தது.

"யாருக்காக இந்தக் கூத்து?" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் அதைச் சொன்னார். ஸ்டூடியோவில் இவரோடு ஒரே அறையில் இருந்த பெண்ணாம், இவரை விட நன்றாக நடிப்பாளாம். ஒருநாள் விளக்குச் சூட்டில் நின்று நின்று, "எனக்குக் களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் இருக்கவா" என்று கேட்டாளாம். கதிரை கொண்டுவந்து கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாரும் மிகவும் அன்பாக இருந்தார்கள். அதற்குப் பிறகு அவளை ஒரு படத்துக்கும் கூப்பிடவில்லை.

"இவர் காய்ச்சலோடு நடனமாடினார், தெரியுமா?" என்று தன்னையே மூன்றாம் ஆள் மாதிரிச் சொன்னார். "படப்பிடிப்பு நிற்கும்வரை விழவில்லை. பார்க்கிறவர்கள் இருக்கும்போது விழக்கூடாது. விழுந்தால் அனுப்பிவிடுவார்கள்."

ஆனால் இப்போது அவருக்கு வந்திருந்த சோதனை அதற்கு நேர்மாறானது.

அவருடைய உடம்பு இறங்கிக்கொண்டு வந்தது. அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோவார். காலையில் போட்ட மருந்தை மத்தியானம் திரும்பவும் போடுவார். காலையில் மட்டும் நான் போனால் போதாது, பின்னேரமும் ஆள் வேண்டும். அதற்கு, எவ்வளவு உதவி வேண்டும் என்று அளக்கிற பராமரிப்புத் தரத்தைக் கூட்டித் தரும்படி காப்புறுதிக்கு எழுதிப்போட்டோம். அவர்கள் ஒருவரை அனுப்பி, மனுசிக்கு எவ்வளவு ஏலும், எவ்வளவு ஏலாது என்று பார்ப்பார்கள். ஏலாது என்று கண்டால் ஆள் தருவார்கள். ஏலும் என்று கண்டால் தரமாட்டார்கள். தராவிட்டால் அவரைத் தனியே விட முடியாது, முதியோர் இல்லத்துக்குத்தான் போகவேண்டும் என்று எங்கள் பொறுப்பாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே, "அங்கே கதவை மூட விடமாட்டார்களாம். எந்த நேரமும் யாரும் வரலாமாம்" என்பார். முகம் வைக்க நேரம் கொடுக்காத வீடு. அவருக்கு நரகம் என்றால் அதுதான்.

இங்கே இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் இந்த வியாதி தெரியும். டெர்மின் என்று சொல்கிற அந்தப் பரிசோதனை நாள் வந்தால் வயது போனவர்கள் நல்ல உடுப்பை உடுத்து, கேக் வெட்டி வைத்து, "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். ரோசம். அதனால் நான் முன்கூட்டியே அவரோடு இருந்து கதைத்தேன்.

"முடி வைக்கவேண்டாம். நான் வரும்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள்."

"நோயாளியாக நடிக்கச் சொல்கிறீர்கள்."

"நடிக்க வேண்டாம். நீங்கள் நோயாளிதான்."

"அது எனக்கு வராது" என்றார். "நடிக்கச் சொல்லுங்கள், வரும்."

சரி, நடியுங்கள் என்றேன். ஒத்திகை பார்த்தோம். கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் எழும்புவதை எழும்ப முடியாத ஒருவர் அவ்வளவு அழகாக நடித்தார். நான் கைதட்டினேன்.

டெர்மின் நாளில் மணி அடித்தது. "யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்து, "காப்புறுதியிலிருந்து வந்திருக்கிறார்" என்றேன். வந்தவர் நல்ல மனிதர், இளம் வயது, மரியாதையாகக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுவரில் இருந்த படங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். "இது நீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு எங்கள் ஒத்திகை ஆற்றில் கரைத்த புளியாகிவிட்டது.

மனுசி எழும்பினார். நடைவண்டியைத் தொடவே இல்லை. இடக்கன்னத்தைக் காட்டியபடி யன்னல் மட்டும் நடந்து போய்த் திரும்பி வந்தார். இரண்டு கையையும் பிடரியில் வைக்க முடியுமா என்று கேட்டார் வந்தவர். வைத்து, அப்படியே ஒரு படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டார். அது மனுசிக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். மாதமே தெரியாது. அவரோ தலையைச் சாய்த்து, "இன்று திகதி கேட்பீர்கள், அடுத்ததாக வயதைக் கேட்பீர்கள், ஆண்களை எனக்குத் தெரியாதா?" என்றார். வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுப்பு விசயத்தை நான் தொடங்கினேன். "இவர் என்மேல் உள்ள பாசத்தில் கூட்டிச் சொல்கிறார்" என்று என் கையைத் தட்டினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வந்தவர் விடைபெற்றுக் கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. அவர் அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் இருந்தார். பாவாடை நனைந்திருந்தது. நான் துவாயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"மிகவும் நன்றாக இருந்தது" என்றேன். பொய் இல்லை.

"திரும்பவும் கூப்பிடுவார்கள்" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

தரம் கூடவில்லை. வயதுக்கு வியக்கத்தக்க உடல்வலு என்று பதில் வந்தது. அன்று வீட்டில் நான் சோறு சாப்பிடவில்லை. என் அவர்தான் சொன்னார், "அவையள் இன்னொரு ஆளை அனுப்பித்தான் ஆகவேணும். மறுப்பு எழுதிப் போடுங்கோ. இந்த முறையெண்டாலும் மனுசி அடங்கி நடிக்கட்டும்." எழுதிப்போட்டோம். இரண்டாவது டெர்மின் இலையுதிர்காலத்தில் கிடைத்தது.

இந்தமுறை நான் அவருக்கு விளங்குகிற பாசையில் கதைத்தேன். "இது சாகிற காட்சி" என்றேன்.

அவர் நிமிர்ந்து இருந்தார். "எது? விஷமா, காய்ச்சலா?"

"காய்ச்சல்."

"காய்ச்சல் எனக்கு நன்றாக வரும். இந்த வீட்டில் இருக்கலாம் அல்லவா?"

"நன்றாகச் செய்தால் இருக்கலாம்" என்றேன்.

இம்முறை வந்தது ஒரு பெண். முந்திய அறிக்கையை வாசித்துவிட்டு வந்திருந்தார். சுவரையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தார். எங்கள் மனுசி சாய்மனைக் கதிரையில் போர்வைக்குள் கிடந்தார். பொய்முடி இல்லை, ஆனால் விளக்கு இடக்கன்னத்தில் விழுகிற மாதிரி வைத்திருந்தார். மெல்லிய குரல். கைக்குட்டை. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு. எனக்கே கூடிப்போய்விட்டது போல இருந்தது. வந்த பெண் பேனையை மூடிவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "நீங்கள் நல்ல நடிகை என்று தெரிகிறது."

இவருக்கு அது பாராட்டு. தலையை மெல்லச் சாய்த்து நன்றி சொல்ல வாயெடுத்தார். சொல் கொழகொழத்து வந்தது. இடக்கையில் இருந்த தேநீர்க் கோப்பை மடியில் சரிந்தது. வந்த பெண் சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கணம், ஆகா, இது ஒத்திகையில் இல்லாததாயிற்றே என்று வியந்துகொண்டிருந்தேன்.

அப்போது அவருடைய இடப்பக்க வாய் கீழே இறங்கியது. கண்ணிமை இறங்கியது. கன்னம் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. எத்தனையோ தரம் எனக்குச் செத்துக் காட்டியிருக்கிறார். விஷம் குடித்தாலும், குண்டு பட்டாலும், அந்தப் பக்கத்தை மட்டும் ஒருநாளும் கெடவிட்டதில்லை.

"இது நடிப்பில்லை!" என்று கத்தினேன். எந்தப் பாசையில் கத்தினேன் என்று தெரியாது. ஆனால் வந்த பெண்ணுக்கு விளங்கிவிட்டது. அவசர வண்டிக்கு அழைத்தது அவர்தான். வண்டி வரும்வரை முழந்தாளிட்டு இவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல என்னால் ஏலாது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தரம் கூடி வந்தது. நாங்கள் கேட்டதை விடக் கூட. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீடுதான் போய்விட்டது. பக்கவாதம் வந்தவரை இனித் தனியே விட ஏலாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள்.

என் விடுமுறை நாளில் பார்க்கப் போனேன். அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. யார் யாரோ போய் வந்தார்கள். பொய்முடியை யாரும் எடுத்து வரவில்லைப் போல, இருந்த நாலு முடியையும் வாரிப் பின்னால் கட்டிவிட்டிருந்தார்கள். வாசலில் என் நிழல் விழுந்ததும் அந்த உடம்பு பதறுவதைக் கண்டேன். யார் வருகிறார்கள் என்று கேட்கப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. பிறகு, முழு மூச்சையும் கூட்டித் தலையைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்துத் திருப்பினார். விழுந்துபோன இடக்கன்னம் தலையணைக்குள் மறைந்தது. எழுபது வருடமாக ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த வலக்கன்னத்தை வாசலுக்குக் காட்டி, அந்தப் பக்கத்து அரை வாயால் சிரித்தார். சாதாரணமான ஒரு பெண்ணின் முகம்தான். அவர் சொன்னது சரி.

நான் கிட்டப் போய்க் குனிந்து சொன்னேன்.

"ஒருவரும் இல்லை, நான்தான்."

சிரிப்பு நின்றது. தலையை மெல்ல மெல்லத் திருப்பி, இரண்டு கன்னமும் தெரிய, நேராக என்னைப் பார்த்தார். நான் கட்டில் விளிம்பில் இருந்து, அந்த இடக்கன்னத்தில் வடிந்திருந்த எச்சிலைத் துடைத்துவிட்டேன்.